ஜாசின் அலமாரிக்குப் புஸ்தகம் வந்து சேரும் வழி

மலாக்கா மாநிலத்துப் பொது நூலகங்களில் தமிழ்ப் புஸ்தகம் போதவில்லையே என்று யாராவது ஒரு கூட்டத்தில் பிரஸ்தாபித்துவிட்டால், அந்தக் கூட்டம் கலைவதற்குள் ஊராட்சி மன்றத்துக்கு ஒரு மகஜர் அனுப்புவதென்று தீர்மானம் நிறைவேறிவிடும். தீர்மானத்தை முன்மொழிந்தவரும் வழிமொழிந்தவரும் பொன்னாடை போர்த்திக்கொண்டு வீடு திரும்புவார்கள். மகஜரும் தபாலில் போய்ச் சேரும். ஆனால் அது போய்ச் சேர்ந்த மேஜையில் உட்கார்ந்திருப்பவருக்குச் சாக்கடையும் சந்தையும் கடை லைசென்ஸும்தான் அன்றாட விவகாரமேயன்றி, மாநில நூலகத்து அலமாரிக்குப் புஸ்தகம் வாங்குகிற பொறுப்பு அவருடையது அல்ல என்ற சிறிய விஷயம் மட்டும் வெகுகாலம் வரையில் ஒருவர் கவனத்துக்கும் வருவதில்லை.

மலாக்காவில் ஊராட்சி மன்றங்கள் நான்கு. மலாக்கா வரலாற்று மாநகராட்சி மன்றம் ஒன்று. அலோர் காஜா, ஜாசின், ஹங் துவா ஜெயா ஆகிய நகராட்சி மன்றங்கள் மூன்று. வீட்டுக்கும் கடைக்கும் மதிப்பீட்டு வரி வசூலிப்பவை இவையே. அந்த வரியில் நூலகத்துக்கென்று தனியாக ஒரு காசும் ஒதுக்கப்படுவதில்லை. பொது நூலகங்களை நடத்துவது, புக்கிட் பாருவில் தலைமையகம் கொண்டு, பெர்புஸ்தாம் என்ற மலாய்ச் சுருக்கப் பெயரால் ஜனங்கள் அறிந்திருக்கிற மலாக்கா பொது நூலகக் கழகம் என்ற மாநில ஸ்தாபனம். நூலகம் சரியில்லை என்பதற்காக ஊராட்சி உறுப்பினரை அடுத்த தேர்தலில் தோற்கடித்துவிடலாம் என்ற எண்ணத்துக்கும் இந்நாட்டில் இடமில்லை. ஊராட்சித் தேர்தல்கள் 1965-ஆம் ஆண்டில் நிறுத்தி வைக்கப்பட்டவை நிறுத்தினபடியே நின்றுவிட்டன. 1976-ஆம் ஆண்டின் ஊராட்சிச் சட்டத்துக்குப் பிறகு உறுப்பினர்கள் நியமனத்தால் வருகிறவர்கள்.

இந்த ஏற்பாடு தற்செயலாக அமைந்ததல்ல. 1968-ஆம் ஆண்டில், சிங்கப்பூர்த் தேசிய நூலகத்தின் இயக்குநராக விளங்கிய ஹெட்விக் அனுவார் அம்மையார் மலேசியப் பொது நூலக வளர்ச்சிக்கு ஒரு திட்ட வரைவு எழுதிக் கொடுத்தார். ஜொகூர் பாருவில் பிறந்தவராகையால் இந்நாட்டின் ஊர்களையும் அவற்றின் வருமானத்தையும் பற்றி அவருக்கு மயக்கம் ஒன்றும் இல்லை. சிற்றூர் மன்றம் ஒவ்வொன்றும் தனித்தனியாக நூலகம் நடத்தப் புறப்பட்டால், ஒன்றுக்குக் கட்டடம் இருக்கும் புஸ்தகம் இராது, மற்றொன்றுக்குப் புஸ்தகம் இருக்கும் அதை வகைப்படுத்த ஆள் இராது என்ற நிலையே வாய்க்கும் என்பதனால், மாநிலத்துக்கு ஒரு நூலகக் கழகம் என்ற யோசனை மேலோங்கியது. மாநிலங்கள் ஒவ்வொன்றாகச் சட்டம் இயற்றின. மத்தியில் 1972-ஆம் ஆண்டின் சட்டப்படி தேசிய நூலகம் நிலைபெற்றது. கட்டடத்துக்குப் பணம் தந்து புஸ்தகத்துக்குத் தராமல் விடுகிற விநோதத்துக்குப் பழைய முன்மாதிரியே உண்டு. இங்கிலாந்தில் 1850-ஆம் ஆண்டில் பொது நூலகச் சட்டம் பிறந்தபோது, நகர மன்றங்கள் பவுனுக்கு அரைப்பென்னி வரி போட்டு நூலகம் கட்டலாம், ஆனால் அந்தப் பணத்தில் புஸ்தகம் வாங்கலாகாது என்று விதித்திருந்தார்கள். புஸ்தகங்கள் தர்மவான்களின் வீடுகளிலிருந்து வந்து குவியும் என்பது பார்லிமெண்டாரின் நம்பிக்கை. ஐந்து ஆண்டுகள் காத்திருந்து பார்த்துவிட்டு, 1855-இல் சட்டத்தைத் திருத்தி, வரிப்பணத்தில் புஸ்தகமும் வாங்கலாம் என்று அனுமதித்தார்கள். தர்மத்தை நம்பிய நூலகம் என்ன ஆகும் என்பது அப்போதே தெரிந்துபோன சங்கதி; நாம்தான் அதை இன்னும் பரீக்ஷை செய்துகொண்டிருக்கிறோம்.

தமிழுலகத்தில் ஊராட்சிக்கும் நூலகத்துக்கும் உள்ள பந்தம் இடத்துக்கு இடம் வேறுபடுகிறது. சென்னை மாகாணத்தில் அவினாசிலிங்கம் செட்டியார் கல்வி மந்திரியாக இருந்தபோது, நூலகவியல் அறிஞர் சீர்காழி எஸ். ஆர். அரங்கநாதனின் இடையறாத முயற்சியால் நிறைவேறிய 1948-ஆம் ஆண்டின் பொது நூலகச் சட்டம், நகராட்சியும் பஞ்சாயத்தும் சொத்து வரியோடு நூலக வரியையும் சேர்த்து வசூலித்து நூலக ஆணைக்குழுவிடம் ஒப்படைக்க வேண்டும் என்று விதித்தது. அந்த வரி இப்போது ரூபாய்க்கு 10 காசு. வசூலித்ததைக் காலத்தில் கைமாற்றுவதில்லை என்ற முறையீடும் கூடவே நடந்துவருகிறது. யாழ்ப்பாணத்திலோ ஊராட்சியே நூலகத்தின் சொந்தக்காரன். கே. எம். செல்லப்பா என்னும் ஒரு தனிமனிதரின் ஆர்வத்தில் அரும்பி, 1934-இல் ஆஸ்பத்திரி வீதி வாடகை அறையில் 844 புஸ்தகங்களோடு திறக்கப்பட்ட நூலகத்தை, 1935-ஆம் ஆண்டின் முதல் நாளில் யாழ்ப்பாண நகரசபை ஏற்றுக்கொண்டது. பிற்காலத்தில் எழுந்த புதிய கட்டடத்தை 1959-இல் திறந்து வைத்தவர் மேயர் அல்பிரட் துரையப்பா. புஸ்தகம் இல்லை என்று கேட்க நினைத்த யாழ்ப்பாணத்தான் தன் வட்டார உறுப்பினரின் வீட்டுத் திண்ணைக்குப் போனால் போதுமாயிருந்தது. மலாக்காத் தமிழன் எந்தத் திண்ணைக்குப் போவது? அதை அறிந்துகொள்ள வேண்டுமானால் புஸ்தகம் வாங்கப்படுகிற விதத்தைக் கொஞ்சம் நிதானமாகப் பார்த்தாக வேண்டும்.

சர்க்கார் ஆண்டு ஜனவரியில் தொடங்கி டிசம்பரில் முடிகிறது. அடுத்த ஆண்டுக்கான ஒதுக்கீடு அதற்கு முந்திய கடைசி மாதங்களில் நிர்ணயமாகிறது. ஒதுக்கீடு கைக்கு வந்ததும் நூலகர்கள் பட்டியல் தயாரிக்கிறார்கள். பதிப்பகங்களின் விலைப்பட்டியல், புஸ்தகக் கண்காட்சி, விற்பனையாளர்கள் பார்வைக்குக் கொண்டுவந்து வைக்கும் பிரதிகள், வாசகர்கள் எழுதிக் கொடுத்த பரிந்துரைகள் ஆகிய எல்லாவற்றிலிருந்தும் பொறுக்கி எடுத்த பட்டியலைத் தேர்வுக்குழு பரிசீலிக்கிறது. ஏற்கெனவே இருக்கும் புஸ்தகமா என்று அட்டவணையில் ஒத்துப் பார்க்கிறார்கள். பிறகு விலை கேட்கிறார்கள். தொகை சிறியதாயிருந்தால் நேரே வாங்கலாம். 50,000 ரிங்கிட்டைத் தாண்டினால் பலரிடம் விலைக்கேள்வி, 5 லட்சத்தைத் தாண்டினால் டெண்டர் என்பது சர்க்கார் கொள்முதலில் நெடுங்காலம் வழங்கிவந்த அளவு. பிற்பாடு தொகைகள் திருத்தம் பெற்றாலும் தத்துவம் மாறவில்லை. விலை ஒப்பானதும் எல்.ஓ. என்று எல்லோரும் சொல்லுகிற கொள்முதல் ஆணை வெளியாகிறது. சரக்கு வந்த பின் எண்ணிப் பார்த்துக் கையொப்பம், அப்புறந்தான் பணம். வருஷக் கடைசிக்குள் செலவாகாத ஒதுக்கீடு கைநழுவிப்போகும் என்பதனால், கடைசி மாதங்களில் எது சீக்கிரம் கிடைக்குமோ அது வாங்கப்படும் என்பதும் எந்தச் சர்க்கார் காரியாலயத்துக்கும் பொதுவான இயல்பு. சென்னையிலிருந்து கப்பலேறி வரவேண்டிய தமிழ் நாவல் அந்த அவசரத்துக்கு ஈடுகொடுக்குமா என்பதைத் தனியே சொல்ல வேண்டியதில்லை.

புஸ்தகம் வந்து இறங்கியதோடு காரியம் முடிந்துவிடுவதுமில்லை. தமிழ்ச் சிறுகதைத் தொகுதி ஒன்று நூலகர் மேஜைக்கு வருகிறதென்று வைத்துக்கொள்வோம். முதலில் அதற்குப் பதிவெண் கொடுத்து, தலைப்புப் பக்கத்திலும் உள்ளே குறித்த சில பக்கங்களிலும் முத்திரை குத்துகிறார்கள். பிறகு வகுப்பு எண்: டூயி வகைப்பாட்டில் தமிழ் மொழிக்கு 494.811, தமிழ் இலக்கியத்துக்கு 894.811, முதுகுப்புறத்தில் அந்த எண்ணைத் தாங்கிய சிறு சீட்டு ஒட்டப்படுகிறது. அட்டவணையில் ஏற்றும்போது நூலாசிரியர் பெயரும் நூற்பெயரும் பெரும்பாலும் ரோமன் எழுத்தில் போகின்றன. இங்கேதான் பல புஸ்தகங்கள் உயிரோடு அடக்கம் செய்யப்படுகின்றன என்பது என் அபிப்பிராயம். நமது எழுத்தாளர் தம் பெயரை அட்டையில் எப்படியோ எழுதிக்கொள்ள, அட்டவணைக்காரர் புள்ளியும் கோடுமாக நூலக விதிப்படி வேறு விதமாக எழுத, ஜாசினிலிருந்து வந்த கல்லூரி மாணவி மூன்றாவது விதமாகத் தட்டிப் பார்த்துவிட்டுப் புஸ்தகம் இல்லை என்று திரும்பிப் போகிறாள். அதுவோ அவளுக்குப் பத்தடி தூரத்தில் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறது. அட்டவணையில் தமிழ் எழுத்தையும் சேர்த்து ஏற்றத் தமிழ் படித்த ஒரு கை வேண்டும். தட்டெழுத்தாளரை மட்டும் நியமித்தால் நடக்கிற காரியம் அல்ல.

கட்டுமானத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. சென்னைப் பதிப்பகங்களின் மலிவுப் பதிப்புகள் அநேகம் பசையால் மட்டும் ஒட்டப்பட்டவை. மலாக்காவின் புழுக்கத்தில் ஆறு பேர் கைமாறுவதற்குள் பக்கங்கள் தாமாகவே விடுதலை பெற்றுவிடும். எஞ்சியதை இராமபாணப் பூச்சி பார்த்துக்கொள்ளும். நூலுக்குச் சமமாகத் தையலையும் பார்த்து வாங்குகிற நூலகரே என் கணிப்பில் விவேகி. நான்கு ரிங்கிட் அதிகமானாலும் கெட்டி அட்டைப் பதிப்பு கடைசியில் லாபம்.

விற்பவர் பக்கத்துச் சங்கடம் இதனினும் பெரிது. மலேசியத் தமிழ் எழுத்தாளர்களில் மிகப் பலர் தமக்குத் தாமே பதிப்பாளர். ஆயிரம் பிரதி அச்சிட்டால் அது துணிச்சல். அச்சானதும் நூல் வெளியீட்டு விழா. முதல் பிரதியைப் பிரமுகர் ஒருவர் உறையில் வைத்த பணத்தோடு பெற்றுக்கொள்வார். அடுத்துப் பெயர் வாசிக்க வாசிக்கச் சங்கத் தலைவர்களும் வியாபாரிகளும் மேடையேறி அவரவர் தகுதிக்கு ஏற்ற உறையை நீட்டுவார்கள். அச்சுக்கூலி அன்றிரவே தேறிவிடும். இது அழகான வழக்கம். இது இல்லாவிட்டால் இந்நாட்டில் தமிழ்ப் புஸ்தகமே அச்சேறியிராது என்று கூடச் சொல்லலாம். ஆனால் நூலகக் கணக்கர் உறையில் பணம் வைத்து மேடையேற முடியாது. அவருக்குப் பதிவு பெற்ற நிறுவனத்தின் பெயர் வேண்டும், வரிசை எண்ணிட்ட பில் வேண்டும், வங்கிக் கணக்கு வேண்டும், பணம் வரும் வரையில் காத்திருக்கிற பொறுமை வேண்டும். தொகை உயர உயர நிதியமைச்சில் விற்பனையாளராகப் பதிந்துகொண்ட சான்றிதழும் வேண்டும். ஓய்வு பெற்ற தமிழாசிரியர் ஒருவர் தம் வாழ்நாள் சேமிப்பை அச்சகத்தில் கொட்டிக் கொண்டுவந்த கவிதை நூலுக்கு இவற்றில் ஒன்றும் இராது. எனவே நடுவில் புஸ்தக வியாபாரி ஒருவர் வந்தே தீரவேண்டும். அவருக்கோ பத்துப் பிரதி கவிதையைவிட நூறு பிரதி சமையல் குறிப்பு தூக்கக் கூலிக்குக் கட்டுப்படியாகும். அவரைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

புஸ்தகம் வெளியிடுகிறவர் சட்டப்படி தேசிய நூலகத்துக்கு ஐந்து பிரதிகள் ஒப்படைக்க வேண்டும் என்பது 1986-ஆம் ஆண்டின் விதி. அந்த ஐந்தும் போய்ச் சேர்ந்துவிட்டால் நாடெங்கும் நூல் பரவிவிட்டதென்று எழுத்தாளர் நிம்மதியடைகிறார். அந்தப் பிரதிகளின் பிரதான நோக்கம் பாதுகாப்பு. கோலாலம்பூரில் பத்திரமாயிருக்கும் பிரதி மலாக்காவின் மெர்லிமாவ் வாசகன் இரவல் வாங்கிப் போகிற பிரதி ஆகாது. ஜாசின் அலமாரியில் அது ஏறவேண்டுமானால் யாராவது அதை விலைக்கு வாங்கியாக வேண்டும்.

இனித் தோட்டங்களைப் பற்றிப் பேசாமல் இந்த விஷயத்தை விட முடியாது. 1896-ஆம் ஆண்டில் தான் சாய் யான் என்னும் சீனத் தனவந்தர் புக்கிட் லிந்தாங்கில் சுமார் 40 ஏக்கரில் ரப்பர் பயிரிட்டபோது, மலாயாவின் முதல் வணிக ரப்பர் தோட்டம் மலாக்கா மண்ணில்தான் பிறந்தது. பின்னர் புக்கிட் அசஹான் தோட்டம் எழுந்தது. ஜாசின், மெர்லிமாவ், அலோர் காஜா வட்டாரங்களில் லயத்து வீடுகளும், லயத்து ஓரத்தில் மாரியம்மன் கோயிலும், கோயிலுக்கு அப்பால் ஒற்றை வாத்தியார் பள்ளிக்கூடமுமாகத் தமிழர் குடியேற்றங்கள் தோன்றின. பள்ளிப் பருவத்துப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்ட நிர்வாகம் பள்ளி நடத்த வேண்டும் என்று 1923-ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டம் கட்டாயப்படுத்தியது. பள்ளிக்குச் சட்டம் இருந்தது, நூலகத்துக்கு இல்லை. பேப்பர் வந்தால் எழுத்தறிந்த ஒருவர் உரக்கப் படிக்க, பால் வெட்டித் திரும்பிய பத்துப் பேர் சுற்றி உட்கார்ந்து கேட்பார்கள்; 1924-இல் தொடங்கிய தமிழ் நேசனும் 1935-இல் தொடங்கிய தமிழ் முரசும் தோட்டப்புறத்தில் அச்சிட்ட எண்ணிக்கையைப் போலப் பல மடங்கு காதுகளுக்கு எட்டியது அவ்வாறுதான். இளைஞர் மன்றத்து மரப்பெட்டியில் இருந்த மு. வரதராசனாரும் அகிலனும் கை மாறி மாறி அட்டை தேய்ந்துபோனதும் அந்தத் தலைமுறையின் கதை.

சுதந்திரத்துக்குப் பின் கிராமங்களுக்கு நூலகங்கள் வந்தன. தேசிய நூலகமும் மாநிலக் கழகங்களும் சேர்ந்து நடத்துகிற கிராம நூலகம் என்ற திட்டத்தில் நாடெங்கும் ஆயிரத்துக்கு மேற்பட்டவை எழுந்தன. ஒரு சிறிய கட்டடம், உள்ளூர்ப் பணியாளர் ஒருவரோ இருவரோ, மையத்திலிருந்து வாங்கி அனுப்பிய புஸ்தகங்கள் என்பது அதன் அமைப்பு. அவை பெரும்பாலும் கம்பம் என்னும் மலாய்க் கிராமங்களிலே எழுந்தனவேயன்றி லயங்களிலே எழவில்லை. இதற்கு ஒருவருடைய துவேஷத்தையும் காரணமாகத் தேட வேண்டியதில்லை. தோட்டம் என்பது தனியார் நிலம், சர்க்கார் பணம் தனியார் நிலத்தில் கட்டடம் எழுப்பாது என்ற ஒரே விதி போதும். தோட்டத் தமிழ்ப் பள்ளிகள் பல தலைமுறைகளாகப் பகுதி உதவி பெறும் பள்ளிகளாகவே நின்றதும் இதே நில விஷயத்தால்தான். பிறகு ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. தோட்டங்கள் துண்டாடப்பட்டன, விற்கப்பட்டன. ஜனங்கள் ஜாசின் பட்டணத்தின் ஓரத்துக்கும் மாநகரத்தின் அடுக்குமாடி வீடுகளுக்கும் பெயர்ந்தார்கள். சட்டத்தின் பார்வையில் அவர்கள் இப்போது நூலகம் எட்டுகிற இடத்துக்கு வந்துவிட்டார்கள். வாசகர் வந்து சேர்ந்த வேகத்தில் அவர்கள் மொழிப் புஸ்தகம் வந்து சேரவில்லை. அதைக் கேட்கிற பழக்கமும் அவர்களோடு லயத்தைவிட்டு வரவில்லை.

மலாக்கா ஒன்றும் தமிழுக்கு அந்நியமான ஊர் அன்று. நவீன மலாய் உரைநடையின் முன்னோடியாகக் கொண்டாடப்படுகிற முன்ஷி அப்துல்லா 1796-இல் இவ்வூரில் பிறந்தவர். சிறுவயதில் தந்தை தம்மைத் தமிழ் கற்க அனுப்பியதையும், வசதியுள்ள குடும்பத்துப் பிள்ளைகள் கணக்குக்கும் வியாபாரத்துக்கும் வேண்டித் தமிழ் படிப்பது அந்நாளைய மலாக்காவின் வழக்கம் என்பதையும் தம் சுயசரித்திரத்தில் எழுதி வைத்திருக்கிறார். பின்னாளில் அவரே தமிழ் நண்பர் ஒருவரின் துணையோடு தமிழிலிருந்து பஞ்சதந்திரக் கதைகளை மலாயில் பெயர்த்தார். வீதிகளில் தமிழ்க் கணக்குப் புழங்கிய நகரத்தின் பொது நூலகத்தில் 894.811 என்ற எண்ணுக்கு விசாலமான இடம் கேட்பது சலுகை கேட்பதாகாது. மலாக்காவின் சரித்திரத்தை முழுதாக வைத்திருங்கள் என்று கேட்பதே ஆகும்.

ஆயினும் நாம் கேட்பதைவிடக் கொடுப்பதையே விரும்புகிறோம். வீடு மாற்றும்போதும், பெரியவர் காலமான பின்பும், பழைய புஸ்தகங்களை அட்டைப்பெட்டியில் கட்டி நூலகத்துக்கு நன்கொடையென்று கொண்டுபோய் இறக்குகிறோம். அவற்றில் பாதி பழைய பாடப்புத்தகம், கால் பங்கு கோயில் மலர், மிச்சத்தில் ஏதேனும் அரிய நூல் இருந்தாலும் செல்லரித்திருக்கும். நூலகர் நன்றிக் கடிதம் எழுதிவிட்டு எதை வைத்துக்கொள்வது எதைக் கழிப்பது என்று தெரியாமல் திகைக்கிறார். இதனால் விளைகிற உபத்திரவம் இன்னொன்று: நன்கொடையால் நிரம்பிய தமிழ் அலமாரி, கணக்கில் எண்ணிக்கையைக் காட்டிவிடுகிறது, எண்ணிக்கை இருக்கிறபோது ஒதுக்கீடு எதற்கு என்ற கேள்வி வாய்விட்டுக் கேட்கப்படாமலே பதில் பெற்றுவிடுகிறது. அதே அலமாரியிலிருந்து ஒருவரும் இரவல் எடுப்பதில்லை என்பதும் கணக்கில் ஏறுகிறது. 1978-ஆம் ஆண்டுப் பாடநூலை யார் எடுப்பார்?

சர்க்கார் மொத்தமாக வாங்கிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று தமிழ்நாட்டைச் சுட்டிக்காட்டுகிறவர்களும் உண்டு. அங்கே நூலக ஆணை என்பது பதிப்புத் தொழிலின் உயிர்நாடி. தேர்வான நூல் ஒன்று நூற்றுக்கணக்கான பிரதிகளாக ஒரே நாளில் விற்றுவிடும். அதனால் சிறு பதிப்பாளர் பிழைத்தார் என்பது நிஜம். ஃபாரம் என்னும் அச்சுமடிப்பு ஒன்றுக்கு இவ்வளவு என்று விலை நிர்ணயித்ததால் மெலிந்த விஷயத்தைப் பெரிய எழுத்தில் பரப்பிப் பக்கம் கூட்டியவர்களும், வாசகனை மறந்து தேர்வுக்குழுவை நினைத்தே புஸ்தகம் போட்டவர்களும் தோன்றியதும் நிஜம். வெளிப்படையான கொள்முதல் முறை வேண்டுமென்ற குரல் ஓங்கி, இணையவழி விண்ணப்பமும் வாசகர் பரிந்துரையும் சேர்ந்த புதிய கொள்கை அண்மையில்தான் அங்கு அமலுக்கு வந்தது. மலாக்காவின் அளவுக்கு அந்த யானைத் தீனி தேவையில்லை. இங்குள்ள தமிழ்ப் பள்ளிகளே 21. வாசிக்கிற குடும்பங்கள் இன்ன பட்டணத்தில் இன்ன வட்டாரத்தில் இருக்கின்றன என்று விரல்விட்டு எண்ணிவிடலாம். ஆண்டுக்கு நூற்றைம்பது தலைப்பு, அவையும் நன்றாகத் தேர்ந்தவை, வந்தால் ஐந்து ஆண்டில் அலமாரியின் முகமே வேறாகும்.

நூலகத்தின் முகப்பு மேஜையிலும் இணையவழியிலும் வாசகர் பரிந்துரை ஏற்றுக்கொள்ளப்படுவது பொது நூலகங்களின் சாதாரண நடைமுறை. மகஜருக்குச் செலவிடும் உற்சாகத்தில் பத்தில் ஒரு பங்கு இதற்குப் போதும். தமிழ்ப் பள்ளிப் பெற்றோர் ஆசிரியர் சங்கம் ஒன்றும், வாசகர் வட்டம் ஒன்றும் சேர்ந்து, ஜனவரி, பிப்ரவரி மாதங்களில், அதாவது ஒதுக்கீடு கைக்கு வந்து பட்டியல் மூடப்படாதிருக்கும் சமயத்தில், நாற்பது நூல்களின் பட்டியலைக் கொடுக்கலாம். நூற்பெயர் தமிழிலும் ரோமன் எழுத்திலும், ஆசிரியர், பதிப்பகம், பதிப்பு ஆண்டு, பதின்மூன்று இலக்க ஐ.எஸ்.பி.என்., ரிங்கிட்டில் விலை, மலேசியாவில் அந்நூலை விற்கும் கடை ஆகிய அத்தனையும் அதில் இருக்க வேண்டும். தமிழ் வாசிக்காத நூலகரும் அதை அப்படியே விலைக்கேள்வியில் இணைத்துவிடும்படியாக அமைய வேண்டும். சிறுவர் நூல்களை முதலில் போட வேண்டும். அவற்றுக்குத்தான் இரவல் கணக்கு விரைவில் ஏறும். அகிலன் மலேசியத் தோட்ட வாழ்வை எழுதிய ‘பால்மரக் காட்டினிலே’யும், 1917-இல் வெளிவந்து மலாயாவின் முதல் தமிழ் நாவலாகக் கருதப்படுகிற வெங்கடரத்தினத்தின் ‘கருணாசாகரன் அல்லது காதலின் மாட்சி’யின் மறுபதிப்புக் கிடைக்குமானால் அதுவும் அப்பட்டியலில் இடம்பெறத் தக்கவை. புஸ்தகம் வந்த பின், பட்டியல் கொடுத்தவர்களே முதல் மாதத்தில் அவற்றை இரவல் எடுத்துத் திருப்பிக் கொடுத்தாக வேண்டும்; அடுத்த ஆண்டு தேர்வுக்குழு உட்காரும்போது அதன் முன்னால் விரித்து வைக்கப்படுகிற தாள் இரவல் கணக்குத்தான்.